ஆறாவது பல்லை எண்ணிப் பார்த்தீர்களா?



இந்தப் பகுதியில் மற்ற சகோதரிகள் எழுதுவதை வாராவாரம் படித்துவிட்டு, பிடித்ததை வெட்டி எடுத்து வைப்பதோடு சரி. நானே எழுத உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். விஷயம் முக்கியம் என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் என் மகளுக்கு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். அவளுக்கு ஒன்பது வயசு. "ஒரு பல்லுக்குப் போய் ஒரு கடிதமா?" என்று நீங்கள் கேட்கலாம். விழுந்து முளைக்கிற பல்லாக இருந்திருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். பிடுங்கியது அவள் ஆயுசுக்கும் வைத்துக் கொள்ள வேண்டிய பல். அது எனக்குத் தெரியவே தெரியாது. என்னைப் போலத் தெரியாத அம்மாக்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே பார்த்தேன். தலை பின்னிவிடும்போது கொட்டாவி விட்டாள். கீழ் வரிசையில் வலது பக்கம் கடைசிப் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. மாமியாரிடம் காட்டினேன். "விழுந்து முளைக்கிற பல்லுதானேம்மா, இதுக்குப் போய் டாக்டருக்குக் காசு குடுப்பாங்களா? தானா விழுந்து நல்ல பல்லு வரும்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் மாமியாரும் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டபோதும் அதே பதில்தான். எனக்கும் அது சரி என்றே பட்டது. விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ராத்திரி ராத்திரி அழ ஆரம்பித்தாள். கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன், மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும். ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கி, கண் இடுங்கிப் போய் எழுந்தாள். அப்போதுதான் பதறிக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். "ஏம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்றார். "பால் பல்லுதானே டாக்டர், எப்படியும் விழுந்துரும்னு இருந்துட்டோம்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "இது பால் பல் இல்லம்மா. ஆறு வயசுல முளைச்ச நிரந்தரப் பல். இந்த இடத்துல இனிமே வேற பல் வராது" என்றார்.

எனக்குக் கை காலெல்லாம் ஓடவில்லை. மேல் பாகம் முழுக்க உதிர்ந்து, வேர் வரை பிளந்திருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் அடைத்திருக்கலாம். கொஞ்ச மாசம் முன்னால் வந்திருந்தால்கூட வேர் சிகிச்சை செய்து, கேப் போட்டுக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். மருந்து கொடுத்து வீக்கம் வடிந்த பிறகு பிடுங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் கேட்டாள்: "அம்மா, இந்தப் பல்லையும் சாணியில உருட்டிக் கூரை மேல போடலாமா? புதுசு முளைக்குமில்ல?" முன்பல் விழுந்தபோதெல்லாம் அவள் பாட்டி அப்படித்தான் செய்ய வைத்தார். நான் பதில் சொல்லாமல் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

இந்தப் பல் நம்மை ஏமாற்றுவது எப்படி என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அதைத்தான் எல்லாத் தாய்மாரும் தெரிந்து கொள்ள வேண்டும்.

குழந்தைக்குப் பால் பற்கள் மொத்தம் 20. ஆறேழு மாசத்தில் கீழ் முன்பல் முளைக்க ஆரம்பித்து, இரண்டரை, மூன்று வயசுக்குள் எல்லாம் வந்துவிடும். ஆறு வயசு வாக்கில் முன்பல் ஆட ஆரம்பிக்கும். அது விழுந்த இடத்தில் புதுப்பல் வரும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே ஆறு வயசில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே புதிதாக ஒரு பெரிய கடவாய்ப் பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நாலு. எதுவும் விழவில்லை, ஆடவில்லை, ரத்தம் வரவில்லை. அதனால் பிள்ளையும் சொல்லாது, நமக்கும் தெரியாது. தெரிந்தாலும், "இன்னும் கடவாய்ப் பல் எதுவும் விழவே இல்லையே, இதுவும் பால் பல்தான்" என்று நினைத்துக் கொள்கிறோம்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி, முன்னால் நட்டநடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். முன்பல் இரண்டு, கூரான கோரைப் பல் ஒன்று, கடவாய்ப் பல் இரண்டு, ஆக ஐந்து. பால் பல் ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான். முன்பல் விழுந்து ஓட்டையாக இருந்தால் அந்த ஓட்டையையும் ஒன்றாக எண்ணிக் கொள்ளுங்கள். ஐந்துக்குப் பின்னால் ஆறாவதாக ஒரு பல் தெரிந்தால், அது விழுந்து முளைக்கிற பல் அல்ல. கிழவியாகும் வரை கூட வர வேண்டிய பல். ஆறு வயசில் வருவது ஆறாவது பல். இதை மறக்கவே முடியாது.

புதுப்பல்தானே, அதற்குள் எப்படிச் சொத்தையாகும் என்று நானும் கேட்டேன். புதுசாக இருப்பதுதான் ஆபத்தாம். பல்லின் மேலே இருக்கும் எனாமல் முளைத்த புதிதில் முழுப் பக்குவம் அடைந்திருக்காது. முளைத்து இரண்டு மூன்று வருஷம் வரை சொத்தை சுலபமாகப் பிடிக்கும். அந்தப் பல்லின் தலையில் பள்ளமும் கோடுமாக இருக்கும். பிஸ்கட், மிட்டாய் துணுக்கு உள்ளே போய் உட்கார்ந்து கொள்ளும். போதாததுக்கு, முழுசாக மேலே வரும் வரை முன்னால் இருக்கும் பல்லைவிடத் தாழ்ந்து, ஈறு பாதி மூடினமாதிரி இருக்கும். பிரஷ் முன் பல்லைத் தேய்த்துவிட்டு இதைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். ஆறு வயசுப் பிள்ளை தானே பல் தேய்த்தால் அங்கே எங்கே எட்டப் போகிறது?

இன்னொன்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஆறு வயசில் வெளியே வரும் இந்தப் பல், பிள்ளை பிறக்கும் சமயத்திலேயே தாடைக்குள் கெட்டிப்பட ஆரம்பித்துவிடுகிறது. மூன்று வயசு வாக்கில் அதன் மேல் பாகம் உள்ளேயே தயார். பால் பல்லின் கதை அதற்கும் முந்தியது. கர்ப்பம் தரித்து ஆறேழு வாரத்திலேயே அதற்கு மொட்டு வைத்துவிடுகிறது. நாம் வாந்தி எடுத்துக் கொண்டிருக்கும் நாட்களில் உள்ளே பல்லுக்கு வேலை ஆரம்பமாகிவிடுகிறது! ஆகவே பல் என்பது முளைக்கிற அன்று உண்டாவது அல்ல. பல வருஷம் உள்ளே வளர்ந்து, பிறகுதான் தலை காட்டுகிறது.

இதற்கு நானே சாட்சி. நான் பிறந்து வளர்ந்தது தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமம். போர் தண்ணீர்தான் குடித்தோம். என் பால் பல் வெள்ளையாகத்தான் இருந்தது. விழுந்து முளைத்த பல் வரும்போதே பழுப்புக் கறையோடு வந்தது. கரியும் உப்பும் போட்டுத் தேய்த்து ஈறில் ரத்தம் வந்ததே தவிர, கறை போகவில்லை. போகாது. ஏனென்றால் அது மேலே படிந்த அழுக்கு இல்லை. தண்ணீரில் ஃப்ளூரைடு அளவுக்கு மீறி இருந்தால், பல் தாடைக்குள் உருவாகும்போதே எனாமல் கெட்டுவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுக் கணக்கு. எங்கள் பக்கம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் தொல்லை தலைமுறை தலைமுறையாக இருந்தது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது இதற்காகவும்தான். என் கல்யாணப் போட்டோவில் வாயை மூடிக் கொண்டுதான் நிற்பேன். இன்றைக்கும் சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும்.

இதைப் படித்துவிட்டு ஃப்ளூரைடு பேஸ்ட்டே வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நானும் அப்படித்தான் பயந்தேன். அளவோடு இருந்தால் அதுவே சொத்தையைத் தடுக்கிறது. மூன்று வயசுக்குள் பிரஷ்ஷில் ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயசு வரை ஒரு பட்டாணி அளவு போதும். விழுங்காமல் துப்பச் சொல்ல வேண்டும். தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் உள்ள ஊர்க்காரர்கள் டாக்டரைக் கேட்டுக் கொள்வது நல்லது. அதேபோல, கர்ப்பமாக இருக்கும்போதும், எட்டு வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், டாக்டரைக் கேட்காமல் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். டெட்ராசைக்ளின் என்ற மருந்து, உள்ளே உருவாகிக் கொண்டிருக்கும் பல்லில் நிரந்தரமாகக் கறையேற்றிவிடும்.

சரி, ஆறாவது பல்லைத்தான் காப்பாற்ற வேண்டும், பால் பல் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. "விழப்போற பல்" என்கிறோமே, எப்போது விழும் என்று கணக்குப் பார்க்கிறோமா? முன்பல் ஆறேழு வயசில் விழும். பால் கடவாய்ப் பல் விழுவது பத்து, பன்னிரண்டு வயசில். நாலு வயசுப் பிள்ளையின் கடவாய்ப் பல்லில் சொத்தை வந்தால், அது இன்னும் ஆறேழு வருஷம் மென்று சாப்பிட வேண்டிய பல். ஆறேழு வருஷம் வலியோடு பிள்ளை சாப்பிடுமா, தூங்குமா, படிக்குமா?

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. கீழே வரப் போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதே பால் பல்தான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அந்த மாதிரி. முன்னதாகவே பிடுங்கிவிட்டால், ஆறு வயசுப் பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக் கொள்கிறது. பிறகு வருகிற பல்லுக்கு இடமில்லை. உள்ளேயே மாட்டிக் கொள்ளும், அல்லது வரிசை தப்பித் தெத்துப் பல்லாக வரும். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இடம் மூடாமலிருக்கக் கம்பி வளையம் ஒன்று போடுவார்கள். பிடுங்கும்போதே அதைப் பற்றிக் கேளுங்கள். சொத்தையாகிச் சீழ் வைத்த பால் பல், வேரடியில் வளரும் புதுப்பல்லையும் கெடுத்துவிடலாம்.

நம் வீடுகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பயப்பட வேண்டாததுக்கெல்லாம் பயப்படுகிறோம். மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று பரிகாரம் தேடுகிறோம். எந்தப் பல் முதலில் வந்தால் என்ன, அதற்கும் மாமனுக்கும் என்ன சம்பந்தம்? கீழ் முன்பல் விழுவதற்கு முன்னாலேயே பின்னால் புதுப்பல் எட்டிப் பார்த்து, இரட்டை வரிசையாகத் தெரிந்தால் பதறுகிறோம். ஆடும் பால் பல் விழுந்தவுடன் நாக்குத் தள்ளித் தள்ளியே புதுப்பல் முன்னால் வந்துவிடும். எட்டு ஒன்பது வயசில் மேல் முன்பல் நடுவே சந்து விழுந்து விகாரமாக இருந்தால் கவலைப்படுகிறோம். பதினொன்று, பன்னிரண்டு வயசில் கோரைப் பல் வரும்போது பெரும்பாலும் அது தானாகவே கூடிவிடும்.

ஆனால் நிஜமாகவே பயப்பட வேண்டியதை விட்டுவிடுகிறோம். கைக்குழந்தைக்குக் கடுமையான ஜுரமோ வயிற்றுப்போக்கோ வந்தால், "பல்லு முளைக்குது, அப்படித்தான் இருக்கும்" என்று சும்மா இருந்துவிடுகிறோம். பல் முளைத்தால் ஈறு நமநமக்கும், எச்சில் ஒழுகும், குழந்தை சிணுங்கும். கடும் ஜுரமும் பேதியும் பல்லால் வருவதல்ல. அதற்கு வேறு காரணம் இருக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக் கொண்டே டாக்டரிடம் தூக்கிக் கொண்டு போக வேண்டும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க வைக்கிறோம். முன்பல் வரிசையாகக் கறுத்து அரித்துப் போவது அதனால்தான். ஒன்றரை வயசாகியும் ஒரு பல்கூட வரவில்லை என்றாலும், ஒரு பக்கம் புதுப்பல் வந்து ஆறு மாசமாகியும் மறுபக்கம் வரவில்லை என்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இப்போது நான் கேட்டுக் கொள்வது இதுதான்.

பிள்ளைக்கு ஆறு வயசு ஆகும் பிறந்தநாளன்று, கேக் வெட்டுகிறோமோ இல்லையோ, டார்ச் லைட்டை அடித்து ஆறாவது பல் வந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு ஐந்தரையிலேயே வரும், சிலருக்கு ஏழாகும். வரும் வரை மாசம் ஒரு தடவை பார்த்தால் போதும். வந்தவுடன் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில் அங்கேயும் குறைந்த செலவில் பார்க்கிறார்கள். ஏழெட்டு வயசு வரை ராத்திரிப் படுக்கப் போகுமுன் நாமே பல் தேய்த்துவிட வேண்டும். புதுப்பல்லுக்குப் பிரஷ்ஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காகக் கொண்டு போய்த் தேய்த்தால்தான் எட்டும். இது அம்மா வேலை மட்டுமில்லை. அப்பாக்களும் ஒரு நாள் டார்ச் பிடிக்கட்டும்!

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2013 முதல் மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் டாக்டர் குழு அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. சொத்தைப் பல்லும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. வரும் நாளைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொன்னால், நாமும் போய்க் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் எல்லாம் பேசுகிறார்கள். "இந்த வருஷம் உங்கள் பிள்ளைக்கு ஆறாவது பல் வரும், அது விழாத பல்" என்று ஒரே ஒரு வரி ஆசிரியை சொன்னால் போதும். என்னிடம் யாராவது அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் என் மகள் பல் தப்பித்திருக்கும்.

என் மகனுக்கு ஆறரை வயசு. மகளைக் கூட்டிப் போய் வந்த அன்று ராத்திரியே அவனை மடியில் படுக்க வைத்து எண்ணினேன். நாலு பக்கமும் ஆறாவது பல் வந்திருந்தது. அவனையும் அழைத்துப் போனேன். சொத்தை இல்லை. பல்லின் பள்ளத்தில் உணவு தங்காமலிருக்க, ஒரு பிசின் மாதிரி மருந்தைப் பூசி மூடினார் டாக்டரம்மா. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. மகள் அருகில் நின்று பார்த்துக் கொண்டே இருந்தாள். "எனக்கும் இதைப் பண்ணியிருந்தா விழுந்திருக்காதாம்மா?" என்று கேட்டாள். "ஆமா கண்ணு, அம்மாவுக்குத் தெரியாமப் போச்சு" என்றேன். பன்னிரண்டு வயசில் வரும் அடுத்த கடவாய்ப் பல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து அந்த இடத்தை ஓரளவு நிரப்பலாம், பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கையில் இருக்கிறோம்.

என் மாமியார் இப்போது தெருவில் ஐந்தாறு வயசுப் பிள்ளை யாரைப் பார்த்தாலும், "வாயைத் தொறடா சாமி" என்று கூப்பிட்டு உட்கார வைத்து எண்ணுகிறார். "விழுந்து முளைக்கிற பல்லுதானே" என்று இப்போது யார் சொன்னாலும் அவரே சண்டைக்குப் போகிறார்.

சகோதரிகளே, இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். நடுவிலிருந்து எண்ணுங்கள். ஆறாவது பல்லில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் நாளைக்கே கிளம்புங்கள். நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன், நீங்கள் காத்திருக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு இல்லத்தரசி,
சேலம்.